இருளில் தெரியும் மகுடம்

(வானொலியில் ஒலிபரப்பான தவக்கால மறையுரை)



வருகிற குருத்து ஞாயிறன்று திருப்பலியில் ஆண்டவரின் பாடுகளின் வரலாற்றை வாசிக்கக் கேட்போம். அதில் நண்பகல் முதல் பிற்பகல் மூன்று மணி வரை நாடெங்கும் இருள் சூழ்ந்ததாக ஓர் இடம் வரும். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் இதை எழுதியிருக்கிறார்கள். கதிரவன் ஒளி தரவில்லை என்று லூக்கா கூடுதலாகச் சொல்கிறார்.

“அது சூரிய கிரகணம்தானே, சாமி?” என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் கிரகணமாக இருக்க முடியாது. பாஸ்கா விழா பௌர்ணமியை ஒட்டி வருவது. சூரிய கிரகணமோ அமாவாசையில் மட்டுமே நிகழும். மூன்றாம் நூற்றாண்டிலேயே யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் இதைச் சுட்டிக்காட்டிவிட்டார். மேலும், முழுச் சூரிய கிரகணத்தின் இருட்டு மிக நீண்டாலும் ஏழரை நிமிடத்துக்கு மேல் போகாது. கல்வாரியின் இருளோ மூன்று மணி நேரம்.

ஆகவே கல்வாரியின் இருளைக் கிரகணம் விளக்காது. ஆனால் இருளில் என்ன தெரியும், தெரிந்தது உண்மைதானா என்று எப்படி அறிவது என்பதைக் கிரகணம் நமக்குக் கற்றுத்தர முடியும். இன்று அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஏன் இதைப் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்துக்கு அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்த தாய் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் பேசினார். 2021-ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையில் கணவரை இழந்தவர். கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. அடக்கம் முடிந்த அன்று இரவு, வீட்டில் தனியாக அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, காரணம் சொல்ல முடியாத ஓர் அமைதி தன்னை வந்து தாங்கிப் பிடித்தது என்றார். அந்த அமைதியை வைத்துத்தான் இத்தனை ஆண்டுகள் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். இப்போது கல்லூரியில் படிக்கும் மகனே கேட்கிறானாம்: “அம்மா, அது நீயே உன் மனசுக்குச் சொல்லிக்கிட்ட ஆறுதல்தானே?” அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: “சாமி, அன்னிக்கு ராத்திரி வந்தது ஆண்டவரா, இல்ல என் மனசா?”

சகோதர சகோதரிகளே, இது சாதாரணக் கேள்வி இல்லை. அவருடைய வாழ்க்கையே இந்தக் கேள்வியின் மேல் நிற்கிறது. இதே போன்ற ஒரு கேள்வியைச் சூரியனைப் பற்றி அறிவியலாளர்கள் 150 ஆண்டுகளுக்கு முன் கேட்டார்கள். அதற்கு விடை கிடைத்தது நம் தமிழ் மண்ணிலும் அதன் அக்கம்பக்கத்திலும்தான்.

முதலில் கிரகணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். நிலா சூரியனைவிடச் சுமார் 400 மடங்கு சிறியது. ஆனால் சுமார் 400 மடங்கு நமக்கு அருகில் இருக்கிறது. அதனால் வானத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரிகின்றன. நிலா சரியாகக் குறுக்கே வந்து சூரியத் தட்டை முழுவதும் மூடும்போது, அதுவரை நம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று திடீரென்று தெரியவருகிறது. கறுத்த வட்டத்தைச் சுற்றி, முத்து நிறத்தில், நாலாபக்கமும் கதிர் கதிராக நீளும் ஓர் ஒளி. அதற்கு இலத்தீன் மொழியில் ‘கொரோனா’ என்று பெயர். மகுடம் என்பது பொருள். நம்மைக் கதிகலங்க வைத்த அந்தக் கிருமிக்கும், உருவத்தில் இதை ஒத்திருந்ததால்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். ஆண்டவரின் தலையில் சூட்டப்பட்ட முள்முடியைக் குறிக்கவும் இலத்தீன் விவிலியத்தில் இதே சொல்தான் வருகிறது.

இந்த ஒளிமகுடம் கிரகணத்தன்று மட்டும் தோன்றி மறைவதில்லை. இன்று காலையும் அது சூரியனைச் சுற்றி இருந்தது. ஆனால் அதன் ஒளி சூரியத் தட்டின் ஒளியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான். ஏறக்குறைய முழுநிலவின் வெளிச்சம். பட்டப்பகலில் அது எப்படித் தெரியும்? வெளிச்சம் மறைந்தால்தான் மகுடம் தெரிகிறது.

2019-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், புனித ஸ்தேவான் திருநாளன்று காலை வந்த கிரகணம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். திண்டுக்கல், கரூர்ப் பக்கம் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. நம் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பெரும்பகுதி மறைந்தது. அன்று நம் வீடுகளிலும் கர்ப்பிணிப் பெண்களை வெளியே விடாமல் கதவைச் சாத்தி வைத்தோம். சமைத்ததைக் கீழே கொட்டிய வீடுகளும் உண்டு. கிரகணத்தால் குழந்தைக்கும் தீட்டில்லை, சோற்றுக்கும் தீட்டில்லை. வெறும் கண்ணால் பார்த்தால் கண்ணுக்குத்தான் கேடு. அதற்கென்று தயாரித்த சூரிய வடிகட்டிக் கண்ணாடி இல்லாமல் சூரியனைப் பார்க்கக் கூடாது. கைபேசியையும் கேமராவையும் வடிகட்டி இல்லாமல் சூரியனுக்கு நேரே பிடிக்கக் கூடாது. முழுக் கிரகணத்தில், சூரியத் தட்டு முற்றிலும் மூடியிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டுமே வெறும் கண்ணால் பார்க்கலாம். 2027 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஜித்தா நகரில் முழுக் கிரகணம் தெரியும். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

இப்போது 1871-ஆம் ஆண்டுக்கு வருவோம். ஒளிமகுடத்தை மனிதர் பல நூற்றாண்டுகளாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். ஆனால் அது உண்மையில் யாருடையது என்பதில் பெரிய சர்ச்சை இருந்தது. சூரியனுடையதுதான் என்றனர் சிலர். இல்லை, நம் பூமியின் காற்று மண்டலத்தில் ஒளி சிதறுவதால் நமக்கு அப்படித் தோன்றுகிறது என்றனர் வேறு சிலர். ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் வரைந்த படங்கள்கூட ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒருவர் நான்கு கதிர் வரைந்தார், இன்னொருவர் வட்டமாக வரைந்தார். அப்படியானால் இது சூரியனில் இருக்கிறதா, பார்ப்பவன் கண்ணில் இருக்கிறதா? அந்தத் தாயின் கேள்வியும் இதுதான், பாருங்கள்.

இதைத் தீர்க்கும் வழியை ஏற்கெனவே இருவர் காட்டியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் குருவானவர். 1860 ஜூலை 18-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டில் முழுக் கிரகணம். இங்கிலாந்தின் வாரன் டி லா ரூ என்பவர் வடக்கே ரிவபெலோசா என்ற ஊரிலிருந்து படம் பிடித்தார். இயேசு சபைக் குருவும் உரோமை வானாய்வாளருமான அருள்தந்தை ஆஞ்செலோ செக்கி, கிழக்குக் கடலோரத்தில் கார்மேல் துறவியர் மடம் இருந்த ஒதுக்குப்புற மலையிலிருந்து படம் பிடித்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நிலாவின் விளிம்பில் செந்நிறமாகத் தெரியும் சுவாலைகள் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. அவை நிலாவுடையவை அல்ல, சூரியனுடையவை என்பது உறுதியாயிற்று. ஒருவருடைய படம் மட்டும் இருந்திருந்தால் இது முடிந்திருக்காது.

ஆனால் மகுடம் மிக மங்கலானது. அதன் வழக்கு முடியாமல் இருந்தது. 1871 டிசம்பர் 12-ஆம் நாள் காலை, நிலாவின் நிழல் அரபிக் கடலிலிருந்து வந்து, இன்றைய கேரளத்தின் பேக்கல் கடற்கரையில் கரையேறி, நீலகிரியைக் கடந்து, கொங்கு நாட்டின் வழியாகச் சென்று, பாக் நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் தொட்டது. பேக்கல் கோட்டையில் நார்மன் லாக்யர் இருந்தார். தமிழ்த் திரைப்படப் பாடல் காட்சியில் உங்களில் பலர் பார்த்த அதே கோட்டைதான். மகுடத்தின் பெரும்பகுதி காற்று மண்டலத்தின் வேலைதான் என்று முன்பு வாதிட்டவர்களில் லாக்யரும் ஒருவர். அவரோடு டேவிஸ் என்ற புகைப்படக்காரரும் வந்திருந்தார். தொட்டபெட்டா உச்சியில் டென்னண்ட் படம் பிடித்தார். நீலகிரியின் ஷோலூரில் பிரான்சு நாட்டு ஜான்சன் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார். அவிநாசியில் சென்னை வானாய்வு நிலையத்தின் போக்சனும், அங்கே பணியாற்றிய நம்மவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இன்னொரு குழு கேமராவோடு நின்றது.

அந்தக் காலத்தில் படம் எடுப்பது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். கைபேசியை நீட்டி எடுக்கிற வேலை அல்ல. கண்ணாடித் தட்டின் மேல் கொலோடியன் என்ற பசையைப் பூச வேண்டும். இருட்டுக் கூடாரத்தில் அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, உடனே கழுவிவிட வேண்டும். காய்ந்தால் தட்டு வீண். இத்தனை கண்ணாடியும் மருந்தும் தண்ணீரும் கூடாரமும் 2,600 மீட்டருக்கு மேல் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்குப் போய்ச் சேர வேண்டும். மாதக்கணக்கில் பயணம், நாள்கணக்கில் ஒத்திகை. இவ்வளவும் எதற்கு? சுமார் இரண்டு நிமிட இருட்டுக்கு. அந்த இரண்டு நிமிடத்தில் மேகம் வந்தால் எல்லாம் போயிற்று.

அன்று வானம் கைகொடுத்தது. பேக்கல், தொட்டபெட்டா, யாழ்ப்பாணம் ஆகிய மூன்று இடங்களிலும் படங்கள் விழுந்தன. பேக்கலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே சுமார் 600 கிலோமீட்டர். ஒன்று கடலோரம், ஒன்று மலையுச்சி, ஒன்று தீபகற்பம். மூன்றிலும் காற்று வேறு, ஈரம் வேறு. மகுடம் காற்றின் வேலை என்றால் மூன்று படமும் மூன்று விதமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கதிர்களும் அவற்றுக்கு இடையிலான பிளவுகளும் மூன்றிலும் ஒத்திருந்தன. ஷோலூரில் ஜான்சன் கண்ட நிறமாலையும் இதற்குத் துணை நின்றது. மகுடம் சூரியனுடையதே என்று வழக்கு முடிந்தது.

அன்பார்ந்தவர்களே, இரண்டு அல்லது மூன்று சாட்சிகளின் வாக்குமூலத்தால் ஒரு காரியம் உறுதிசெய்யப்பட வேண்டும் என்று இணைச்சட்ட நூல் விதிக்கிறது. ஆண்டவர் இயேசுவும் அதை எடுத்துச் சொல்கிறார். அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதிலும் இதிலிருந்துதான் வந்தது.

“அம்மா, உங்கள் ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அது ஆண்டவரா, மனசா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. உங்கள் மகன் கேட்டதில் தப்பும் இல்லை. ஆனால் உங்கள் படத்தை மற்றவர்கள் படத்தோடு வைத்துப் பாருங்கள். 2004-இல் சுனாமியில் பிள்ளையைக் கொடுத்த கடலூர்த் தாயைக் கேளுங்கள். வேலை போய் வெளிநாட்டில் அறையில் அடைந்து கிடந்து திரும்பி வந்த தம்பியைக் கேளுங்கள். திருப்பாடல்களை எழுதியவரைக் கேளுங்கள்; சிலுவையடியில் நின்ற அன்னை மரியாவைக் கேளுங்கள். அவர்கள் காற்று வேறு, ஈரம் வேறு, காலம் வேறு. ஆனாலும், எல்லாம் மூடிப்போன வேளையில் தன்னைத் தாங்கிய ஒருவரைப் பற்றி அவர்கள் சொல்வதும் நீங்கள் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.”

அந்த ஆறுதல் நம்மை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் பார்க்க வேண்டும். நாமே செய்துகொண்ட ஆறுதல் பெரும்பாலும் நம்மையே சுற்றிச் சுற்றி வரும். ஆண்டவர் தருகிற ஆறுதல் அடுத்தவரிடம் அனுப்பும். இந்தத் தாய் இன்று தன் தெருவில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய் அடுப்பு மூட்டுகிறவர். அவரது படத்தில் தெரியும் கதிர், புனிதர்களின் படத்திலும் தெரிகிறது. இதற்கு மேல் சான்று தேவையா?

நான்கு நற்செய்திகள் நமக்கு ஏன் தரப்பட்டன என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஒன்றே போதாதா? நான்கு இடத்திலிருந்து நான்கு பேர் தந்த சாட்சியம். சிறுசிறு வேறுபாடுகள் உண்டு. ஆனால் முகம் ஒன்றே. திருஅவை என்பதும் அதுதான். தனித்தனியே இருளில் கண்டதை ஒன்றாகக் கொண்டுவந்து, ஒரே மேசையில் பரப்பிப் பார்க்கும் குடும்பம். நம் அன்பியக் கூட்டங்கள் அதற்காகத்தான் இருக்கின்றன. அங்கே கணக்கு வாசிப்பதோடும் தேநீர் குடிப்பதோடும் கலைந்துவிடாதீர்கள்.

இங்கே ஒருவர் என்னைத் தடுத்து நிறுத்தலாம்: “சாமி, அந்த அம்மாவுக்காவது ஒரு அமைதி கிடைத்தது. என் இருளில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே. வெறும் இருட்டுதான் இருந்தது.” உண்மை. இப்படிப்பட்டவர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அவர்களுக்கு நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்றைச் சொல்கிறேன். லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானாய்வாளர், சூரியனின் முகத்துக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் கடப்பதைக் காண 1761-இல் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். போரினால் இறங்க முடியாமல் கடலிலேயே அந்த நாள் கழிந்தது. அடுத்த வாய்ப்புக்காக எட்டு ஆண்டுகள் கீழ்த்திசை நாடுகளிலேயே தங்கினார். 1768-இல் புதுச்சேரிக்கு வந்து, ஆய்வுக்கூடம் அமைத்து, ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார். 1769 ஜூன் 4-ஆம் நாள் அதிகாலை, வேளை வந்தபோது மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் பளீரென்று அடித்தது. அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் வெள்ளி கடந்ததா இல்லையா? கடந்தது. உலகின் வேறு இடங்களில் இருந்தவர்கள் கண்டார்கள். அவர்கள் கண்டதை வைத்துச் சூரியனின் தொலைவைக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு புதுச்சேரியில் மேகத்தைப் பார்த்து நின்றவருக்கும் பொதுவானதே.

உங்களுக்கு மேகம் மூடியிருக்கலாம். அதற்காக மகுடம் இல்லை என்று ஆகிவிடாது. நீங்கள் பார்க்க முடியாததை உங்களுக்காகப் பார்த்தவர்கள் இந்தக் குடும்பத்தில் உண்டு. அவர்கள் சாட்சியத்தின் மேல் சாய்ந்துகொள்ளுங்கள். அதுவும் விசுவாசம்தான்; ஒருவேளை பெரிய விசுவாசம்.

இனி, கண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. சாட்சியம் சும்மா வருவதில்லை. இயேசு சபைக் குரு அருள்தந்தை ஸ்டீபன் பெரி, இங்கிலாந்தின் ஸ்டோனிஹர்ஸ்ட் வானாய்வு நிலையத்தின் தலைவர். 1887-இல் கிரகணம் காண ரஷ்யா வரை போய் மேகத்தால் ஏமாந்து திரும்பியவர். 1889 டிசம்பர் 22-ஆம் நாள் வந்த கிரகணத்தைப் படம் பிடிக்க, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவை ஒட்டிய சலூத் தீவுகளுக்குப் போனார். பிரெஞ்சு அரசு கைதிகளை அடைத்து வைத்த தீவுகள் அவை. அங்கே அவருக்குக் கடுமையான வயிற்றுக்கடுப்பு நோய். நிற்கவே முடியாத நிலையில் எழுந்து போய், இரண்டு நிமிட இருளில் ஒவ்வொரு தட்டாக ஒழுங்கு பிசகாமல் படம் எடுத்து முடித்தார். ஐந்து நாள்கள் கழித்து, கிறிஸ்துமஸ் வாரத்திலேயே, கப்பலில் உயிர்விட்டார். அப்போது அவருக்கு வயது 56. தட்டுகள் மற்றவர்களிடம் போய்ச் சேர்ந்தன. எடுத்தவர் வீடு திரும்பவில்லை.

அவர் தனக்காக எடுக்கவில்லை. வேறோர் இடத்தில் வேறொருவர் எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்தார். இன்று நாம் திருமணத்திலும், புதுநன்மை விழாவிலும், ஏன், திருப்பலியில் அப்பத்தை உயர்த்தும் வேளையிலும்கூடக் கைபேசியைத் தூக்கிப் படம் எடுக்கிறோம். ‘நான் அங்கே இருந்தேன்’ என்று காட்டுவதற்கான படங்கள் அவை. தந்தை பெரி எடுத்தது ‘அங்கே இது இருந்தது’ என்று சொல்வதற்கான படம். முதலாவது விளம்பரம், இரண்டாவது சாட்சியம்.

ஆகவே இந்தத் தவக்காலம் முடிவதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வாழ்க்கையில் சூரியன் மூடிப்போன ஒரு வேளையை நினைத்துப் பாருங்கள். அப்போது எது உங்களைத் தாங்கியது என்பதை, கூட்டாமல் குறைக்காமல், வீட்டில் ஒரு பிள்ளையிடமோ அன்பியத்தில் ஒருவரிடமோ சொல்லுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்தவர் சொல்வதைக் கேளுங்கள். அந்தத் தாயையும் மகனிடம் சண்டை போடாமல் உட்கார்ந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன். மகனுடைய நாளில் இருள் வரும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அவன் கையில் ஒரு படமாவது இருக்க வேண்டாமா?

செபிப்போம். கல்வாரியின் இருளில் முள்முடி சூடிய ஆண்டவரே, வெளிச்சத்தில் நாங்கள் காணத் தவறும் உம் மகிமையை எங்கள் இருளில் காணச் செய்தருளும். கண்டவர்களுக்குச் சொல்லும் துணிவையும், காணாதவர்களுக்குக் காத்திருக்கும் பொறுமையையும் தாரும். எங்கள் இறந்தோரை உம் அழியாத ஒளியில் சேர்த்துக்கொள்ளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.